பிராஸஸருக்கு எத்தனை மார்க்?

சினிமாவுக்கு மார்க் போட்டே பழகியவர்கள் நாம். ஐம்பது வாங்கினால் குடும்பத்தோடு போகலாம். நாற்பதுக்குக் கீழே என்றால் டி.வி-யில் போடும்போது பார்த்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் பிராஸஸருக்கும் இப்போது அதே மரியாதை. புது சிப் கடைக்கு வரும்போதே விமர்சனங்களும் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. பத்துப் பதினைந்து பார் சார்ட்டுகள், அதில் புதுசுக்கு நீளமான பட்டை, பழசுக்குக் குட்டையான பட்டை, கடைசியில் ஒரு மார்க் அல்லது ஒரு மெடல்.

என்ன வித்தியாசம் என்றால், சினிமா விமர்சனத்தை நம்பி ஏமாந்தால் போவது டிக்கெட்டும் பாப்கார்னும்தான். பிராஸஸர் விமர்சனத்தைப் படித்துவிட்டு ரிச்சி தெருவுக்குக் கிளம்பினால், சிப், மதர்போர்டு, ரேம், கூலர் என்று சேர்ந்து லட்ச ரூபாயை நெருங்கிவிடும். பல வீடுகளில் அது பையனின் ஒரு செமஸ்டர் ஃபீஸ். அதனால் இந்த வாரம், விமர்சனங்களுக்கே ஒரு விமர்சனம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிராஸஸரைச் சோதிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் நேர்மையாகத்தான் அளக்கிறார்கள். பட்டையின் நீளத்தில் பொய் இல்லை. எந்தச் சூழ்நிலையில் அளந்தார்கள் என்பதை நாம் படிக்காமல் தாண்டிவிடுகிறோம், அங்கேதான் பர்ஸ் கிழிகிறது.

கேம்ஸ் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கேம் ஓடும்போது இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். யார் எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது என்று கணக்குப் போடுவது பிராஸஸர். அதைப் படமாக வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. இரண்டு பிராஸஸர்களுக்கு நடுவே வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால், வரைகிறவர் தாமதம் செய்யக் கூடாது. எனவே விமர்சகர்கள் சந்தையிலேயே விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டைச் சொருகி, திரையின் ரெசல்யூஷனை 1080 அளவுக்குக் குறைத்துவைத்துச் சோதிக்கிறார்கள். அறிவியல்படி அது சரியான முறைதான். இரண்டு கார்களில் எது வேகம் என்று பார்க்க, காலியான நான்கு வழிச்சாலைக்குக் கொண்டுபோவதைப் போல.

நீங்கள் ஓட்டப்போவதோ சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணா சாலையில். உங்களிடம் இருப்பது நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு, நொடிக்கு 60 படங்கள் மட்டும் காட்டுகிற மானிட்டர். விமர்சகரின் மேஜையில் 180-க்கும் 220-க்கும் இருந்த வித்தியாசம், உங்கள் வீட்டில் 60-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசமாகச் சுருங்கிவிடும். மானிட்டரையே 4-கே ஆக மாற்றினால் வரைகிற வேலை பல மடங்கு கூடிவிடும். பாரம் முழுக்க கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் விழும். புது பிராஸஸர் பக்கத்தில் கைகட்டி நிற்கும்.

ஒரு நிஜ உதாரணம் பார்ப்போம். 2023 அக்டோபரில் இன்டெல் கோர் ஐ9-14900கே வந்தது. அறிவிப்பு விலை 589 டாலர். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 13900கே-வுக்கும் அதே விலைதான். அதிலும் 24 கோர்கள், இதிலும் 24 கோர்கள். உச்ச வேகம் மட்டும் 5.8 கிகாஹெர்ட்ஸிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் ஆகியிருந்தது. கால்குலேட்டரைத் தட்டினால் மூன்றரை சதவிகிதம் கூட வரவில்லை. பேங்க் சேவிங்ஸ் வட்டி மாதிரி. ஆனால் பெட்டியின் மேல் '14-வது தலைமுறை' என்று அச்சடித்திருந்தது. தலைமுறை என்றால் தாத்தா, அப்பா, பையன் என்று நாம் நினைக்கிறோம். இங்கே அது சட்டையை மாற்றிக்கொண்டு வந்த அதே ஆள்.

அதோடு போகவில்லை. 13, 14-வது தலைமுறையின் உயர்ரக சிப்கள் சில கம்ப்யூட்டர்களில் காரணமில்லாமல் தடுமாறி நின்றன. 2024 ஜூலையில் இன்டெல் காரணத்தை ஒப்புக்கொண்டது. தேவைக்கு மேல் வோல்டேஜ் போகிறது என்றது. ஆகஸ்டில் திருத்தத்துக்கு மைக்ரோகோட் அப்டேட் கொடுத்து, வாரன்ட்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டியது. கடைசிச் சொட்டு வேகத்துக்காகக் கரும்பை நாலாவது தடவை ஆலையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம். வெளியான நாளில் எழுதப்பட்ட எந்த விமர்சனத்திலும் இது இருந்திருக்க முடியாது. அதற்காக விமர்சகரைக் குறை சொல்ல முடியாதுதான். ஆனால் முதல் நாள் முதல் ஷோ பார்க்க வேண்டும் என்று நமக்கென்ன கட்டாயம்?

'விலை கூட இருக்கிறது என்றால் சரக்கும் கூட இருக்குமல்லவா?' என்று கேட்பீர்கள். பி.காம். படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒரு பொருளின் விலை அதைச் செய்ய ஆன செலவைச் சொல்லும் என்பது, கத்திரிக்காய்க்கே எப்போதும் பொருந்தாது. சிப்புக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

1991-ல் இன்டெல் 486எஸ்.எக்ஸ் என்று மலிவான மாடல் ஒன்றை விட்டது. விலை கூடிய 486டி.எக்ஸ்-ஸில் இருந்த, தசமக் கணக்குப் போடும் பகுதி இதில் கிடையாது. ஆரம்பத்தில் வந்தவற்றில் அந்தப் பகுதி உள்ளேயே இருந்தது, முடக்கிவைத்திருந்தார்கள். 'பின்னாடி அந்தக் கணக்குப் பகுதி வேண்டுமானால் 487எஸ்.எக்ஸ் வாங்கிச் சொருகிக்கொள்ளுங்கள்' என்றார்கள். வாங்கிச் சொருகினால் என்ன நடந்தது தெரியுமா? அந்த 487, முழுசாக ஒரு 486டி.எக்ஸ்! உள்ளே வந்ததும் பழைய சிப்பை 'நீ போய் உட்காருப்பா' என்று அணைத்துவிட்டு, மொத்த வேலையையும் தானே செய்தது. 2010-ல் இதே கம்பெனி 50 டாலருக்கு ஒரு கார்டு விற்றுப் பார்த்தது. அதிலுள்ள கோடை டைப் செய்தால், நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பென்டியம் ஜி6951 சிப்புக்குள் பூட்டிவைத்திருந்த கொஞ்சம் கேஷ் மெமரியும், ஹைப்பர் த்ரெடிங் வசதியும் திறந்துகொள்ளும். வீட்டை விற்றுவிட்டு மாடி அறைச் சாவிக்குத் தனியாகக் காசு கேட்பது போல! எதிர்ப்பு வர, 2011-ல் அந்தத் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

ஆக, விலை என்பது உங்கள் பர்ஸ் எவ்வளவு தாங்கும் என்று அவர்கள் போடும் கணக்கு. உங்களுக்கு எவ்வளவு பயன் என்ற கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

அது கஷ்டமான கணக்கில்லை. 'நான் எங்கே காத்திருக்கிறேன்?' என்று கேட்டுக்கொண்டால் பாதி விடை வந்துவிடும்.

கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பிராஸஸர், மெமரி, டிஸ்க், கிராஃபிக்ஸ் என்று தனித்தனியே சதவிகிதம் காட்டும். மெமரி 95-ல் நிற்கிறது, பிராஸஸர் 20-ல் சோம்பல் முறிக்கிறது என்றால் உங்களுக்குத் தேவை ரேம். டிஸ்க் 100-ல் தவிக்கிறது, உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்.எஸ்.டி. போடுங்கள். சுழலும் டிஸ்க்கில் ஒரு ஃபைலைத் தேடி முள் நகர்ந்துபோகவே பத்து மில்லி செகண்ட் ஆகும். எஸ்.எஸ்.டி-யில் அது நூறில் ஒரு பங்குதான். 'கம்ப்யூட்டர் ஸ்லோ' என்று புலம்புகிறவர்களில் பலருக்கு வியாதி இங்கேதான். அதற்கு மருந்து சில ஆயிரங்களில் முடிந்துவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எட்டு கோர் இருக்கிற சிப்பில் ஒரே ஒரு கோர் மட்டும் மூச்சு முட்ட ஓடி, மற்ற ஏழும் தூங்கினால், டாஸ்க் மேனேஜர் மொத்தமாகச் சராசரி போட்டு '15 சதவிகிதம்' என்று காட்டும். கேம்ஸில் இது சகஜம். அதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கேமின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் தடை கிராஃபிக்ஸ் கார்டில். எவ்வளவு குறைத்தும் வேகம் அப்படியே நின்றால் தடை பெரும்பாலும் பிராஸஸரில். அப்போது மட்டும் சிப்பைப் பற்றி மேலே பேசலாம்.

தடை பிராஸஸரில்தான் என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. காத்திருக்கும் அந்த நேரத்துக்கு என்ன விலை?

கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எட்டு மணி நேர வேலை. அதில் ஏழு மணி நேரம் க்ளிப் பொறுக்குவது, வெட்டுவது, பாட்டு ஒட்டுவது, பெண்ணின் பெரியம்மா ஃப்ரேமில் வருகிறாரா என்று சரிபார்ப்பது. கடைசி ஒரு மணி நேரம் எக்ஸ்போர்ட். இரு மடங்கு வேகமான பிராஸஸர் போட்டால் அந்த ஒரு மணி அரை மணியாகும். எட்டு மணி வேலை ஏழரை மணியாகும். இரு மடங்கு வேகத்துக்குக் காசு கொடுத்தார், கிடைத்தது ஆறே கால் சதவிகிதம். எக்ஸ்போர்ட்டை கிராஃபிக்ஸ் கார்டே முடித்துத் தருகிற சாஃப்ட்வேர் என்றால் அதுவும் முழுசாகக் கிடைக்காது. ஐ.பி.எம்-மில் இருந்த ஜீன் ஆம்டால் என்பவர் 1967-லேயே சொல்லிவைத்த விஷயம் இது. வேலையில் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு வேகப்படுத்தினாலும், மீதிப் பகுதி காலைப் பிடித்து இழுக்கும்.

இன்னொருவர், கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் போட்டுக் கொடுப்பவர். அவருக்கு ஒரு நாளில் ஐந்து மணி நேரம் ரெண்டரிங் மட்டுமே. அதே சிப் அவருக்குத் தினம் இரண்டரை மணி நேரம் மிச்சப்படுத்தும். மாதத்தில் 25 நாள் என்றால் 62 மணி நேரம். அந்த நேரத்தில் கூடுதலாக ஒரு வேலை எடுத்து மாதம் 5,000 ரூபாய் பார்க்க முடியும் என்றால், 70,000 ரூபாய்ச் செலவு 14 மாதத்தில் திரும்பிவிடும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் இதே மனிதர் ராத்திரி பத்து மணிக்கு ரெண்டரிங் போட்டுவிட்டுத் தூங்கப்போகிறவர் என்றால்? வேலை மூன்று மணிக்கு முடிந்தால் என்ன, பன்னிரண்டரைக்கு முடிந்தால் என்ன? அவர் ஏழு மணிக்குத்தான் எழுந்திருப்பார். வருமானம் பூஜ்யம்.

ஒரே சிப், ஒரே விலை, மூன்று மதிப்பு. எந்த பார் சார்ட்டிலும் இது வராது.

ஏ.எம்.டி-யின் இரண்டு சிப்கள் இதை இன்னும் பளிச்சென்று காட்டும். ரைஸன் 7 9800எக்ஸ்3டி, 2024 நவம்பரில் 479 டாலருக்கு வந்தது. எட்டு கோர்கள். ரைஸன் 9 9950எக்ஸ்3டி, 2025 மார்ச்சில் 699 டாலருக்கு வந்தது. பதினாறு கோர்கள். கேம்ஸுக்கு உதவுகிற கூடுதல் கேஷ் மெமரி, இரண்டாவது சிப்பிலும் எட்டு கோர்களுக்கு அருகில்தான் இருக்கிறது. அதனால் கேம் விளையாடுகிறவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 220 டாலர் தண்டம். ரெண்டரிங் செய்கிறவருக்கோ அதே 220 டாலரில் இன்னொரு எட்டு ஆள் வேலைக்கு வருகிறார்கள். கொள்ளை லாபம்.

அடுத்தது, கூடவே வரும் சொந்தக்காரர்கள். புது பிராஸஸர் தனியாக வீட்டுக்கு வராது. அதன் அடிப்பக்கமும் மதர்போர்டின் சாக்கெட்டும் பொருந்த வேண்டும். ஏ.எம்.டி. 2022 செப்டம்பரில் ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு மாறியபோது, புது போர்டு மட்டுமல்ல, டி.டி.ஆர்.5 ரேமும் கட்டாயமானது. பழைய ரேமை ஷோகேஸில்தான் வைக்கலாம். 2025-ன் கடைசி மாதங்களில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டுபோக, ரேம் விலை எகிறியதை வாங்கப்போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உயர்ரக இன்டெல் சிப் என்றால் செலவு வேறு வழியில் வரும். 14900கே முழு மூச்சில் ஓடினால் 253 வாட் வரை கேட்கும். பெரிய கூலர், தெம்பான எஸ்.எம்.பி.எஸ்., சென்னை மே மாதத்தில் அந்த அறைக்கு ஏ.சி.! விமர்சனத்தில் 'விலை' என்ற கட்டத்தில் இருப்பது சிப்பின் விலை மட்டும்தான். கல்யாணச் செலவு தாலியோடு முடியுமா?

இதற்கு நேர்மாறாக, பாராட்ட வேண்டிய ஒரு அப்கிரேடும் உண்டு. 2022 ஏப்ரலில் 449 டாலருக்கு வந்த ரைஸன் 7 5800எக்ஸ்3டி. அதன் வேகம் சாதாரண 5800எக்ஸ்-ஸைவிடக் குறைவு. உச்சத்தில் 4.7-க்குப் பதில் 4.5 கிகாஹெர்ட்ஸ். கேஷ் மெமரி மட்டும் 32 எம்.பி-யிலிருந்து 96 எம்.பி. ஆகியிருந்தது. கேம்ஸில் அது தன்னைவிடக் கூடுதல் கிகாஹெர்ட்ஸ் உள்ள சிப்களை ஓரம் கட்டியது. அடிக்கடி தேவைப்படுகிற சாமான் பரணில் இல்லாமல் கைக்கு எட்டும் அலமாரியில் இருந்தால் சமையல் சீக்கிரம் முடிவது போல. அதைவிட முக்கியம், 2017-லிருந்து வந்த ஏ.எம்.4 போர்டுகளில் பயாஸ் அப்டேட் கிடைத்தவற்றில் அப்படியே உட்கார்ந்தது. போர்டு பழசு, ரேம் பழசு, கேபினெட் பழசு, சிப் மட்டும் புதுசு. ஐந்து வருடப் பழைய மிஷினுக்கு மறுபிறவி. 449 டாலர் என்பது சின்னத் தொகை இல்லைதான். ஆனால் அங்கே மொத்தச் செலவே பெரும்பாலும் அவ்வளவுதான். அதே சிப்பை எக்ஸெல்லுக்காக வாங்கியிருந்தால் வீண்.

சரி, கடைக்காரரின் பிரம்மாஸ்திரத்துக்கு வருவோம். "சார், இப்பவே ஐ9 போட்டுட்டீங்கன்னா அஞ்சாறு வருஷத்துக்குக் கவலையே இல்ல. ஃப்யூச்சர் ப்ரூஃப்!"

எதிர்காலத்துக்குக் காப்பு கட்டுவது சிப்பில் நடக்குமா? 2017 ஜனவரியில் இன்டெல்லின் கோர் ஐ7-7700கே வந்தது. நாலு கோர், 339 டாலர். அந்த நேரத்தில் வீட்டு உபயோக வரிசையில் அதுதான் ராஜா. அதே வருடம் அக்டோபரில் 8-வது தலைமுறை வந்தது. அதில் ஐ3-8100 என்ற சிப், 117 டாலர், அதிலும் நாலு கோர். இரண்டும் சமம் என்று சொல்ல மாட்டேன், 7700கே-தான் வேகம். கதை 2021-ல் திரும்பியது. விண்டோஸ் 11 வந்தபோது, மைக்ரோசாஃப்ட்டின் அதிகாரபூர்வப் பட்டியல் இன்டெல் வீட்டு சிப்களில் அநேகமாக 8-வது தலைமுறையிலிருந்துதான் ஆரம்பித்தது. 117 டாலர் ஐ3 உள்ளே. 339 டாலர் ஐ7 வாசலில்! 2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை கூடுதலாக ஒரு வழி வைத்தார்கள். வேகம் குறையாத ராஜா, பாஸ்போர்ட் இல்லாததால் ஊருக்குள் வர முடியாமல் நின்றார்.

அக்கவுன்டன்சி மாஸ்டர்கள் இதைத் தேய்மானம் என்பார்கள். நம் வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு முன்பு ஆண்டுக்கு 60 சதவிகிதத் தேய்மானம் அனுமதித்தார்கள். 2017 ஏப்ரலிலிருந்து அதை 40 ஆக்கினார்கள். 40 என்றே வைத்துக்கொண்டாலும், லட்ச ரூபாய் மிஷின் ஒரு வருடத்தில் 60,000. அடுத்த வருடம் 36,000. மூன்றாம் வருடம் 21,600. அரசாங்கமே 'இது ஐஸ் கட்டி' என்று ஒப்புக்கொண்ட பொருளில் எதிர்காலத்தைச் சேமித்துவைப்பானேன்? ஐம்பதாயிரத்துக்கு நடுத்தர சிப்பும் போர்டும் இன்று, மீதி ஐம்பதாயிரம் பேங்கில். நாலு வருடம் கழித்து அன்றைய நடுத்தரத்தை வாங்கினால், இன்றைய ராஜாவோடு அது தைரியமாக மோதும். வட்டி வேறு மிச்சம்.

இவ்வளவு சொன்னதால் அப்கிரேடே பாவம் என்று அர்த்தமில்லை. தினமும் பிராஸஸருக்காகக் காத்திருந்து, அந்த நேரத்தில் சம்பாதிக்க முடிகிறவர் தயங்கக் கூடாது. அவருக்கு அது தையல் மிஷின் மாதிரி தொழில் கருவி. விளையாட்டுக்காக வாங்குகிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். சந்தோஷத்துக்கும் விலை உண்டு. பைக்குக்கு, கேமராவுக்கு, பட்டுப்புடவைக்கு நாம் லாப நஷ்டக் கணக்கா பார்க்கிறோம்? 'ஆசைக்கு வாங்குகிறேன்' என்று சொல்லிவிட்டு வாங்கினால் போதும். 'படிப்புக்கு வேணும்ப்பா' என்று ஐ9 கேட்கிற பையனிடம் மட்டும், கல்லூரிப் பாடத்தில் எது மெதுவாக ஓடுகிறது என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சில பையன்கள் நிஜமாகவே காட்டிவிடுவார்கள். அப்போது வாங்கிக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை.

மார்க் போடாமல் முடித்தால் வாசகர்கள் விடமாட்டீர்கள். எனவே:

கையில் 13900கே வைத்திருப்பவர் 14900கே வாங்குவது: நூற்றுக்கு 3. அது கூட்டிய வேகமும் அவ்வளவுதான்.

பழைய ஏ.எம்.4 போர்டில் கேம் விளையாடியவர், வந்த காலத்தில் 5800எக்ஸ்3டி போட்டது: 80.

ராத்திரியில் ரெண்டரிங் போட்டுவிட்டுத் தூங்குபவர் 9950எக்ஸ்3டி வாங்குவது: 30. பகலில் போட்டுவிட்டு எதிரே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பவர் வாங்குவது: 75.

எக்ஸெல், டேலி, ஈ-மெயில், பழைய ஹார்ட் டிஸ்க். இந்த ஜாதகத்துக்கு எந்த ஐ9 வந்தாலும் ஃபெயில். எஸ்.எஸ்.டி. வாங்கிப் போடுங்கள், மிச்சக் காசில் குடும்பத்தோடு ஊட்டி போய்விட்டு வரலாம்.